விதை வாங்கியாச்சு, வாய்க்கால்?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். மான்செஸ்டர் யுனைடெட் போன வருஷத்தைவிட இந்த வருஷம் தேறியிருக்கான்னு கேட்டா, தேறியிருக்கு. தேற வேண்டிய இடத்துல தேறியிருக்கான்னு கேட்டா, பாதிதான்னு சொல்வேன். வர்ற ஞாயித்துக்கிழமை, 2025 ஆவணி ஒண்ணாம் தேதி, நம்ம நேரத்துக்கு ராத்திரி 9 மணிக்கு ஆர்சனலோட முதல் ஆட்டம். அதுக்குள்ள இதை எழுதி வச்சிடணும்னு உட்கார்ந்துட்டேன். ஆட்டம் முடிஞ்ச பிறகு எழுதினா அது கருத்தா இருக்காது. ஒண்ணு ஒப்பாரியா இருக்கும், இல்லன்னா ஊர்வலமா இருக்கும்.

நெல்லையும் மாட்டையும் எழுதுற ஆளுக்கு இங்கிலீஷ்காரன் ஃபுட்பால் எதுக்குன்னு சிலர் நினைப்பீங்க. எங்க ஊர் டீக்கடைக்கு ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து பாருங்க. குறுவைக்கு மேலுரம் போட்டாச்சாங்கற பேச்சு அஞ்சு நிமிஷம் ஓடும். அப்புறம் பையனுங்க யார் யாரை எத்தனை கோடிக்கு வாங்கினாங்கன்னு ஆரம்பிச்சா ஏழு மணி வரைக்கும் ஓடும். அங்க சாயங்காலம் நடக்கிற ஆட்டம் நமக்கு ராத்திரி. மோட்டாருக்கு மும்முனை கரண்ட் ராத்திரியில வர்ற நாள்ல தண்ணி கட்டப் போனா வரப்புல சும்மாதானே உட்காரணும்? செல்போன்ல ஆட்டம் ஓடும், வாய்க்கால்ல தண்ணி ஓடும். 1999-ல பார்சிலோனா மைதானத்துல பேயர்ன் மூனிக்கை கடைசி நிமிஷத்துல ரெண்டு கோல் போட்டு கவுத்தாங்களே, அப்போ பிடிச்ச பைத்தியம் எனக்கு. இன்னும் விடலை.

போன வருஷக் கணக்கை முதல்ல பார்த்துடலாம். 38 ஆட்டம். 11 வெற்றி, 9 டிரா, 18 தோல்வி. 42 புள்ளி, 15-வது இடம். 1973-74-ல கீழ் டிவிஷனுக்கு இறங்கினாங்க இல்லையா, அதுக்கப்புறம் இவ்வளவு கீழே முடிச்சதே கிடையாது. ஓல்டு டிராஃபோர்டுல, சொந்த மண்ணுல, 19 ஆட்டத்துல 9 தோத்தாங்க. போட்டது 44 கோல், வாங்கினது 54. இதுக்கு நடுவுல யூரோப்பா லீக் ஃபைனல் வரைக்கும் போனாங்க. அதுலயும் மே 21-ம் தேதி பில்பாவோவுல டோட்டன்ஹாம்கிட்ட 1-0ன்னு தோத்தாங்க. அந்த டோட்டன்ஹாம் லீக்ல 17-வது இடம். 15-வதும் 17-வதும் ஃபைனல் ஆடி, அதுல 15-வது தோத்துச்சுன்னா அந்த வருஷத்தைப் பத்தி வேற என்ன சொல்றது? அதனால இந்த வருஷம் ஐரோப்பியப் போட்டி எதுலயும் இவங்க இல்லை.

கோச் ரூபன் அமோரிம் மேல எல்லாத்தையும் போடறது நியாயமில்லை. அவர் வந்தது 2024 நவம்பர்ல. டென் ஹாக்கை அக்டோபர் கடைசியில அனுப்பிட்டு, லிஸ்பன்ல ஸ்போர்ட்டிங் கிளப்போட நல்லா இருந்த மனுஷனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. 19 வருஷமா லீக் ஜெயிக்காத ஸ்போர்ட்டிங்கை 2021-ல ஜெயிக்க வச்சவர், 2024-ல மறுபடி ஜெயிச்சவர். ஆனா நவம்பர்ங்கறது நட்டு முடிச்ச வயல். யாரோ நாத்து விட்டு, யாரோ நட்டு, பாதி பழுத்து நிக்கிற பயிரை உங்ககிட்ட கொடுத்து, "இனிமே நீங்க பார்த்துக்கங்க"ன்னா என்ன பண்ணுவீங்க? கையில இருக்கிறதைக் காப்பாத்தப் பார்ப்பீங்க. அவர் அதைக்கூட பண்ணலை. வந்த முதல் நாள்லேர்ந்து தன்னோட 3-4-3 முறையில, அந்த முறைக்குப் பொருந்தாத ஆளுங்களை வச்சு ஆடினார். அவர் பார்த்த 27 லீக் ஆட்டத்துல 27 புள்ளி. ஆட்டத்துக்கு ஒண்ணு. ஜனவரியில பிரைட்டன்கிட்ட வீட்டுலயே 3-1ன்னு தோத்தப்போ, கிளப் வரலாத்துலயே மோசமான அணி ஒருவேளை இதுதான்னு அவரே வாய்விட்டுச் சொன்னார். எனக்கு அது பிடிச்சிருந்தது. பையனுங்களுக்குப் பிடிக்கலை.

சரி, இந்தக் கோடையில என்ன வாங்கினாங்க?

வுல்வ்ஸ்லேர்ந்து மாத்தியூஸ் குன்யா, 6.25 கோடி பவுண்டு. பிரென்ட்ஃபோர்டுலேர்ந்து பிரையன் எம்புவேமோ, 6.5 கோடி பவுண்டு, மேல கொஞ்சம் வரலாம். லைப்சிக்லேர்ந்து ஸ்லோவேனியாக்காரப் பையன் பெஞ்சமின் செஷ்கோ, 22 வயசு, ஆறடிக்கும் மேல அஞ்சு அங்குலம் இருப்பான். அவன் விலையும் அதே அளவுதான். மூணு பேருக்கும் சேர்த்து நம்ம பணத்துல 2,000 கோடி ரூபாய்க்கு மேல.

வாங்கினது சொத்தை இல்லை. நல்ல விதைதான். போன சீசன்ல எம்புவேமோ லீக்ல 20 கோல் போட்டார். குன்யா 15. ரெண்டு பேர் சேர்ந்து 35. மொத்த யுனைடெட்டும் சேர்ந்து போட்டது 44ன்னு மேல சொன்னேன். யுனைடெட்ல அதிகமா போட்டவங்க புருனோவும் அமாட் டியாலோவும், ஆளுக்கு 8. எம்புவேமோ கணக்குல சில பெனால்டியும் உண்டு, இங்க வந்தா பெனால்டி புருனோவுக்குத்தான், அதனால 20-ஐ அப்படியே இங்க கொண்டாந்து கூட்டிடக் கூடாது. ஆனாலும் ரெண்டு பேரும் இங்கிலாந்து மண்ணுக்குப் பழகினவங்க. புது ஊர், புது லீக், குளிர் ஒத்துக்கலைங்கற கதை இருக்காது. போன டிசம்பர் 26-ம் தேதி குன்யா யுனைடெட்டுக்கு எதிரா கார்னர்லேர்ந்து நேரா வலைக்குள்ள போட்டார். அந்தக் கோலை வயித்தெரிச்சலோட பார்த்தவங்களுக்கு இந்த ஆளோட அருமை தெரியும்.

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் ஆரம்பிக்குது. அதைச் சொல்றதுக்கு எங்க ஊர் பாஷையில ஒரு விஷயம் விளக்கணும்.

காவிரித் தண்ணி மேட்டூர்லேர்ந்து ஜூன் 12 திறந்துவிட்டா, கல்லணை தாண்டி ஆறா பிரிஞ்சு, வாய்க்காலா பிரிஞ்சு, கிளை வாய்க்காலா பிரிஞ்சு வயலுக்கு வரும். தண்ணி முதல்ல தொடற வயல் தலைமடை. கடைசியில இருக்கிறது கடைமடை. தலைமடைக்காரனுக்குக் கவலை இல்லை. கடைமடைக்காரன் நல்ல விதை வாங்கியிருக்கலாம், நல்லா உழுதிருக்கலாம், வரப்பு வெட்டி சுத்தமா வச்சிருக்கலாம். நடுவுல வாய்க்கால் தூர் வாராம ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தா அவன் வயலுக்குத் தண்ணி வராது. நாத்து காயும். பார்க்கிறவன் என்ன சொல்வான்? "இவனுக்கு விவசாயம் பண்ணத் தெரியலை"ன்னு சொல்வான்.

ராஸ்மஸ் ஹொய்லுண்டுக்கு நடந்தது அதுதான். 2023-ல அட்டலாண்டாவுலேர்ந்து 6 கோடி பவுண்டுக்கு மேல கொடுத்து வாங்கின பையன். போன லீக் சீசன்ல 4 கோல். ஆளாளுக்குத் திட்டினாங்க. அவன் ஆட்டத்துல குறை இல்லைன்னு நான் சொல்லலை. பந்தை நிறுத்துறது சரியில்லை, தன்னம்பிக்கை போயிடுச்சு. ஆனா அவனுக்கு ஒழுங்கா பந்து வந்த ஆட்டம் எத்தனை? பல ஆட்டத்துல அவன் முன்னாடி நின்னு கையைக் கையை ஆட்டிக்கிட்டே இருந்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. கடைமடைக்காரன் மடையைப் பார்த்துக்கிட்டு நிக்கிற மாதிரி.

இப்போ அதே கடைமடையில செஷ்கோ. போன வருஷம் லைப்சிக்குக்கு எல்லாப் போட்டியும் சேர்த்து 21 கோல் போட்டவன். ஹொய்லுண்டைவிடக் கெட்டி. ஆனா நடுக்களம் யாரு? அதே கசெமிரோ, 33 வயசு. படிச்ச ஆட்டக்காரர், கால்தான் முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது. அதே உகார்த்தே, பந்தைப் பிடுங்குவார், பிடுங்கினதை என்ன பண்றதுன்னு யோசிப்பார். மைனூ, 20 வயசுப் பையன், கையில திறமை இருக்கு, கோச்சுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரலை. எரிக்ஸன் ஒப்பந்தம் முடிஞ்சு போயிட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரலை. பிரைட்டன்ல இருக்கிற பலேபாவைக் கேட்டாங்கன்னு பேச்சு அடிபடுது, பிரைட்டன்காரங்க அவ்வளவு லேசுல விடற ஆள் இல்லை.

அப்போ மிஞ்சுறது புருனோ ஃபெர்னாண்டஸ். முன்வரிசைக்குப் பின்னாடி சுதந்திரமா சுத்திக்கிட்டு இருந்த மனுஷனைப் பின்னாடி இழுத்து ரெண்டு பேர்ல ஒருத்தரா நிறுத்தப் போறாங்க. அந்த ஆளோட குணத்துக்கு ஒரு கும்பிடு போடணும். சவூதிக்காரங்க கொட்டிக் கொடுக்கிறேன்னாங்க, போகலை. ஆனா அடுத்த மாசம் 31 வயசு முடியுது. பந்தை ஆபத்தான இடத்துக்குத் தைரியமா தட்டிவிடறதுதான் அவர் தொழில், பத்துல நாலு தவறும். முன்னாடி தவறினா பரவாயில்லை. நடுவுல தவறினா எதிராளி நேரா நம்ம வீட்டு வாசல்லதான் நிப்பான்.

3-4-3 முறையே தப்புன்னு டிவியில பேசறவங்க சொல்றாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. செல்சி 2015-16-ல 10-வது இடத்துல முடிச்சது. அடுத்த வருஷம் ஐரோப்பாவுல ஆட்டம் இல்லை, கோன்ட்டேன்னு புது கோச், சீசன் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல இதே 3-4-3க்கு மாறினாங்க. 93 புள்ளி எடுத்து லீக் ஜெயிச்சாங்க. அமோரிமுக்கு வக்காலத்து வாங்கற எல்லாரும் இந்தக் கதையைச் சொல்றாங்க. ஆனா ஒண்ணை மட்டும் விட்டுடறாங்க. அந்தக் கோடையில செல்சி லெஸ்டர்லேர்ந்து வாங்கின ஆள் யாரு? கான்ட்டே. ரெண்டு பேர் நிக்க வேண்டிய நடுக்களத்துல மூணு பேர் வேலையைச் செஞ்ச மனுஷன். பின்னாடி கோல்ல கூர்ட்டுவா. முறை சரி, ஆனா அந்த முறை இந்த ரெண்டு இடத்துலதான் நிக்கும். யுனைடெட்ல ரெண்டுமே ஓட்டை.

கோல்கீப்பர் கதையைச் சொன்னா சிரிப்பும் வரும் அழுகையும் வரும். ஏப்ரல்ல லியோனோட ஆட்டம் 2-2. ரெண்டு கோலும் ஒனானா கையில விழுந்து நழுவினது. சரின்னு மூணு நாள் கழிச்சு நியூகாசிலோட ஆட்டத்துக்கு அவரை உட்கார வச்சு பயிந்திரை நிறுத்தினாங்க. 4-1 தோல்வி. நாலாவது கோல் பயிந்திர் எதிராளிகிட்டயே கொடுத்த பாஸ். இப்போ ஒனானாவுக்குத் தொடையில காயம், பயிற்சி ஆட்டம் ஒண்ணுலயும் இல்லை. ஞாயித்துக்கிழமை நிக்கப் போறது அநேகமா பயிந்திர்தான். இன்னும் ரெண்டு வாரம் சந்தை திறந்திருக்கு, பார்க்கலாம்.

ஆர்சனல் இதை எப்படிப் பண்ணினாங்கன்னு பார்த்தா வித்தியாசம் புரியும். ஆர்டெட்டா 2019 டிசம்பர்ல வந்தார். ரெண்டு வருஷம் தொடர்ந்து 8-வது இடம். 2021 கோடையில ஆறு பேரை வாங்கினாங்க. எல்லாரும் 23 வயசோ அதுக்குக் கீழயோ. கோல்கீப்பர் உண்டு, பின்வரிசை உண்டு, நடுக்களத்துக்கு ஓடகார்ட் உண்டு. முன்வரிசைக்கு ஒருத்தர்கூட இல்லை. அப்புறம் 2023-ல நடுக்களத்துக்கு டெக்லன் ரைஸ், 10 கோடி பவுண்டுக்கு மேல. கியோகெரெஸ்னு கோல் அடிக்கிறதுக்குன்னே ஒரு ஆளை வாங்கினது இந்தக் கோடையிலதான். இத்தனைக்கும் அவர் லிஸ்பன்ல அமோரிம் வளர்த்த ஆள். அவங்க வாய்க்காலை வெட்டிட்டு விதைக்குப் போனாங்க. ஆர்சனல்காரனைப் புகழ்றதுக்குக் கை வரலை, ஆனா சொல்லித்தான் ஆகணும். மூணு வருஷமா ரெண்டாவது இடம். கப்பு இன்னும் வரலைங்கறது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

"ஃபெர்குசனுக்கும் நாலு வருஷம் ஆச்சுல்ல"ன்னு ஒரு வாதம் எப்பவும் வரும். ஆமா, 1986-ல வந்தார், 1990-லதான் முதல் கப்பு, அந்த வருஷம் லீக்ல 13-வது இடம். ஆனா நடுவுல 1987-88-ல ரெண்டாவது இடத்துல முடிச்சதை யாரும் சொல்றதில்லை. பொறுமை வேணும்தான். பொறுமையா இருக்கறதுக்கு வயல்ல ஒரு பச்சையாவது தெரியணும்.

இந்த அணியோட நோய் இப்போ வந்தது இல்லை. 2005-ல கிளேசர் குடும்பம் இந்தக் கிளப்பை வாங்கின விதத்தை எங்க ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க. வாங்கப் போற நிலத்தையே அடமானம் காட்டிக் கடன் எடுத்து, அந்தக் கடன்லயே நிலத்தை வாங்கி, அப்புறம் நிலத்துல விளையறதை வட்டிக்குக் கட்டறது. அதைத்தான் செஞ்சாங்க. கடனே இல்லாம இருந்த கிளப்பு, இருபது வருஷமா வட்டி கட்டுது. ஃபெர்குசன் இருந்த வரைக்கும் அவர் கைராசியில விளைஞ்சுது. 2013-ல அவர் போனதும் தெரிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு கோச்சும் ஒரு பயிர் வச்சான். ஒருத்தன் கரும்பு, ஒருத்தன் வாழை, ஒருத்தன் பருத்தி. முன்னவன் போட்ட கட்டையைத் தோண்டி எடுக்காம அடுத்தவன் நட்டான். அந்தக் கட்டைங்கதான் இன்னைக்குக் கேரிங்டன் பயிற்சி மைதானத்துல தனியா ஒரு ஓரமா பயிற்சி பண்ணுறாங்க. சான்சோ, ஆன்டனி, கர்னாச்சோ, மலாசியா. ஆன்டனிக்கு மட்டும் 2022-ல 8 கோடி பவுண்டுக்கு மேல கொடுத்தாங்க. ராஷ்ஃபோர்டு பார்சிலோனாவுக்கு லோன்ல போயிட்டார், அவரோட 10-ம் நம்பரைக் குன்யாவுக்குக் கொடுத்தாச்சு. வித்துத் தீர்க்க முடியாதவங்களை வெளிப்படையா ஒதுக்கினா வாங்க வர்றவன் விலையை அடிச்சுப் பேசுவான். மாட்டுச் சந்தைக்குப் போன சின்னப் பையனுக்குக்கூட இது தெரியும்.

இனிமே சொல்லப் போறதுதான் எனக்கு உண்மையிலேயே உறுத்தற விஷயம்.

2024 ஆரம்பத்துல ஜிம் ராட்கிளிஃப்னு ஒரு பெரும் பணக்காரர் கிளப்புல கால்பங்குக்கு மேல வாங்கி, ஃபுட்பால் நிர்வாகத்தைத் தன் கையில எடுத்துக்கிட்டார். சீரமைப்புன்னாங்க. முதல் வருஷம் 250 பேரை வேலையை விட்டு அனுப்பினாங்க. இந்த வருஷம் பிப்ரவரியில இன்னும் 150-லேர்ந்து 200 பேர் வரைக்கும் போவாங்கன்னு அறிவிச்சாங்க. இவங்க ஆட்டக்காரங்க இல்லை. டிக்கெட் பார்க்கிறவங்க, அலுவலகத்துல இருக்கிறவங்க, கடைக்கோடியில வேலை செய்யறவங்க. ஓல்டு டிராஃபோர்டுல ஊழியர்களுக்கு மத்தியானம் இலவசமா போட்டுக்கிட்டிருந்த சாப்பாட்டை நிறுத்திட்டு, பழம் வச்சாங்க. கேரிங்டன்ல ஊழியர்களுக்கு சூப்பும் ரொட்டியும். ஆட்டக்காரங்களுக்கு மட்டும் வழக்கமான சுடுசாப்பாடு.

இதே ஆளுங்கதான் டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில ஒப்பந்தத்தை நீட்டிச்சு, அக்டோபர்ல அனுப்பினாங்க. டான் ஆஷ்வொர்த்னு ஒரு ஃபுட்பால் டைரக்டரைக் கொண்டுவந்து அஞ்சு மாசத்துல அனுப்பினாங்க. ரெண்டு முடிவுக்கும் சேர்த்து ஆன செலவு 1.45 கோடி பவுண்டு. அந்தப் பணத்துல எத்தனை வருஷத்துக்கு எத்தனை பேருக்கு மத்தியானச் சாப்பாடு போடலாம்னு நான் கணக்குப் போட்டுப் பார்க்கலை. போட்டா கோபம் வரும். மார்ச்ல 1 லட்சம் பேர் உட்கார்ற மாதிரி 200 கோடி பவுண்டுல புது மைதானம்னு படம் காட்டினாங்க. சீசன் நடுவுல உறுப்பினர் டிக்கெட்டை 66 பவுண்டாக்கினாங்க, சின்னப் பிள்ளைக்கும் வயசானவங்களுக்கும் சலுகை கிடையாதுன்னாங்க. நம்ம பணத்துல 7,500 ரூபாய்க்கு மேல. அப்பா தோள்ல உட்கார்ந்து பார்த்து வளர்ற பிள்ளைதானே நாளைக்கு அப்பாவாகி இன்னொண்ணைத் தூக்கிட்டு வரும்?

எங்க பக்கம் மகசூல் போன வருஷமும் உண்டு. புயல்ல சாய்ஞ்ச வருஷம் உண்டு, தண்ணி வராத வருஷம் உண்டு. அப்பவும் நடவு ஆளுங்களுக்குக் காலை டீயையும் பத்து மணி பலகாரத்தையும் நிறுத்தினவன் எங்க ஊர்ல யாரும் கிடையாது. நல்ல மனசுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அதுல காரியமும் இருக்கு. நிறுத்தினா அடுத்த நடவுக்கு அந்த வயலுக்கு ஆள் வராது. வந்தாலும் நாத்து நட்டிருக்கிற இடைவெளியிலேயே அவங்க மனசு தெரியும். கிளப்பும் அப்படித்தான். 20 வருஷமா வாசல்ல நிக்கிற பெரியவருக்கும், துணி துவைக்கிற அம்மாவுக்கும் அந்தக் கிளப்பு ஒரு வீடு. புதுசா வர்ற 19 வயசுப் பையனுக்கு ஊரைச் சொல்லிக் கொடுக்கிறது அவங்கதான். அவங்களை அனுப்பிட்டு 2,000 கோடி ரூபாய்க்கு மூணு பேரை வாங்கி, "அணியைக் கட்டறோம்"ங்கறாங்க. இதுல மிச்சப்பட்ட பணம் அந்த மூணு பேர்ல ஒருத்தரோட கால்வாசிக்காவது வருமான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நல்லதையும் சொல்லணும். ஐரோப்பிய ஆட்டம் இல்லாதது இந்த வருஷம் பெரிய வரம். போன சீசன்ல யூரோப்பா லீக்ல மட்டும் 15 ஆட்டம். வியாழக்கிழமை ஆடி, ஞாயித்துக்கிழமை ஆடி, நடுவுல பயிற்சிக்கு நேரம் ஏது? இந்த வருஷம் பெரும்பாலான வாரம் முழுசா அமோரிம் கையில இருக்கும். அவர் முறைக்கு வேண்டியது அதுதான். ஒரு முழு முன்சீசனும் இப்பதான் முதல்முறையா கிடைச்சுது. அமெரிக்காவுல வெஸ்ட் ஹாமை 2-1ன்னும் போர்ன்மத்தை 4-1ன்னும் ஜெயிச்சாங்க, எவர்ட்டனோட 2-2. மே மாசம் கோலாலம்பூர்ல ஆசியான் அணிகிட்ட தோத்துட்டு நின்ன அதே கூட்டமான்னு கேட்கற அளவுக்கு ஓடினாங்க. டோர்குவும் அமாடும் ஓரத்துல நல்லா ஏறி இறங்குறாங்க. பின்வரிசையில யோரோ இன்னும் ரெண்டு வருஷத்துல பெரிய ஆளா வருவான்.

ஆனா டிசம்பர் 21-லேர்ந்து ஜனவரி 18 வரைக்கும் ஆப்பிரிக்கக் கோப்பை. எம்புவேமோ கேமரூனுக்குப் போயிடுவார், அமாட் ஐவரி கோஸ்ட்டுக்கு, மஸ்ராவி மொராக்கோவுக்கு. வலது பக்கம் முழுசா காலி. நமக்கு மார்கழி அறுவடை நெருங்கற நேரத்துல ஆள் கிடைக்காம அல்லாடற மாதிரி அவங்களும் அல்லாடப் போறாங்க. அந்த நாலு வாரத்துக்கு என்ன ஏற்பாடுன்னு யாரும் பேசக் காணோம்.

என் கணிப்பு ஏழாவதோ எட்டாவதோ. அறுபது புள்ளியை ஒட்டி. கோல் போன வருஷத்தைவிட நிச்சயம் நிறைய போடுவாங்க, கிட்டத்தட்ட அதே அளவு வாங்கவும் செய்வாங்க. சந்தை மூடறதுக்குள்ள நடுக்களத்துக்கு ஒரு ஆளும் கோலுக்கு ஒரு ஆளும் வந்தா, அஞ்சாவது வரைக்கும் ஏத்தி எழுதிக்கறேன். வரலைன்னா, மூணு மாசத்துல செஷ்கோவை விளாசி எழுதறவங்க நிறையப் பேர் இருப்பாங்க. அப்போ அந்தப் பையனுக்கு ஆட்டத்துக்கு எத்தனை பந்து வந்துதுன்னு எண்ணிப் பார்த்துட்டுத் திட்டுங்க.

முதல் அஞ்சு ஆட்டம் லேசு இல்லை. ஆர்சனல், அப்புறம் ஃபுல்ஹாம், பர்ன்லி, செப்டம்பர்ல மான்செஸ்டர் சிட்டி, அடுத்து செல்சி. அஞ்சுல ஏழு புள்ளி வந்தா நான் திருப்திப்படுவேன். எங்களுக்கு டிராக்டர் ஓட்டுற தம்பி இதைக் கேட்டுட்டு, "என்னண்ணே, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி, இந்த வருஷம் நாலுக்குள்ள வந்துடுவோம்"ங்கறான். முதுகுல புருனோ பேர் போட்ட பனியன், உழவு ஓட்டி ஓட்டிச் சேத்துல சாயம் போயிடுச்சு. நாலுக்குள்ள வந்தா அடுத்த வருஷ நாத்தங்கால் உழவுக்கு அவன் கேட்கிற கூலிக்கு மேல 500 தர்றதாச் சொல்லியிருக்கேன். வரலைன்னா ஒரு மணி நேர உழவு ஓசி.